ஜோ மாவர் பிடித்த அந்த ஒரே ஒரு பந்து

கேள்வி இது: "அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் வீரர் தன் கடைசி ஆட்டத்தில், ஐந்து வருடத்துக்கு முன்பே விட்டுவிட்ட பழைய இடத்தில், ஒரே ஒரு பந்துக்காகப் போய் உட்கார்ந்தாராம், மைதானமே எழுந்து நின்று அழுததாம். ஒரு பந்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? உள்ளூர்ப் பையன் என்பதால் அணி நடத்திய விளம்பரம்தானே அது?"

நீங்கள் கேட்பது ஜோ மாவரைப் பற்றி. 2018 செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, மினியாபொலிஸ் நகரத்தின் டார்கெட் ஃபீல்டு மைதானத்தில் மினசோட்டா ட்வின்ஸ் அணியும் சிகாகோ வைட் சாக்ஸ் அணியும் ஆடிய ஆட்டம். இரண்டு அணிக்கும் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் அது, ஜெயித்தாலும் தோற்றாலும் யாருக்கும் எதுவும் மாறப்போவதில்லை. நான் வேலைக்காக அந்தப் பக்கம் சில வருடங்கள் இருந்தவன், பேஸ்பாலை அங்கேதான் கற்றுக்கொண்டேன், இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். விளம்பரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போய் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'பழைய இடம்' என்ன என்று தெரியவேண்டும். கேட்சர் என்று பேர். நம்முடைய விக்கெட் கீப்பர் மாதிரி என்று சொன்னால் பாதிதான் சரி. விக்கெட் கீப்பர் வேகப்பந்து வீச்சாளருக்குப் பல அடி தள்ளி நிற்பார். கேட்சர் அப்படி இல்லை, மட்டை வீசுபவரின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் மட்டை படுகிற தூரத்தில், குந்தி உட்கார்ந்தே இருக்கவேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வருகிற பந்து. ஒரு ஆட்டத்தில் நூறு, நூற்றைம்பது முறை அப்படி. மட்டையாளர் பந்தைச் சரியாக அடித்துவிட்டால் கேட்சருக்குத் தொல்லை இல்லை, மட்டையின் விளிம்பில் உரசிவிட்டால்தான் ஆபத்து, அந்தப் பந்து திசை மாறி நேரே முகக்கவசத்தில் வந்து மோதும். கையை நகர்த்த நேரமே இருக்காது. முகக்கவசம் எலும்பைக் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டே, எந்தப் பந்தைப் போடலாம் என்று பந்து வீசுகிற பிட்சருக்கு விரலால் சைகை செய்வதும், ஓடுகிறவனை அவுட் ஆக்கப் பந்தை எறிவதும், மொத்த ஆட்டத்தையும் எதிரே பார்த்தபடி நடத்துவதும் அவர் வேலை. அதனாலேயே கேட்சர்கள் பொதுவாக நல்ல மட்டையாளர்களாக இருப்பதில்லை, முட்டியும் முதுகும் விரலும் போன பிறகு மட்டை வீச என்ன மிச்சம் இருக்கும்?

சரி, ஆளுக்கு வருவோம். மாவர் பிறந்தது 1983 ஏப்ரல் 19, செயின்ட் பால் நகரத்தில். மினியாபொலிஸும் செயின்ட் பாலும் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒட்டிக்கிடக்கிற இரட்டை நகரங்கள், ட்வின்ஸ் என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். அவர் படித்த கிரெட்டின்-டெர்ஹாம் ஹால் பள்ளியிலிருந்து ட்வின்ஸ் மைதானத்துக்குப் பத்து மைல்கூட இருக்காது. பள்ளியில் ஆடிய காலம் முழுவதிலும் அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அதாவது மூன்று வாய்ப்பையும் கோட்டைவிட்டு வெளியேறியது, ஒரே ஒரு தடவை. அந்த ஊரில் இதை ஐதீகக் கதை மாதிரி சொல்வார்கள், யாரைக் கேட்டாலும் தெரியும். அமெரிக்கன் ஃபுட்பாலில் அதைவிடப் பெரிய பேர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்காக ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர ஒத்துக்கொண்டிருந்தார். யுஎஸ்ஏ டுடே பத்திரிகை நாட்டின் சிறந்த பள்ளி வீரர் என்று பேஸ்பாலுக்கும் ஃபுட்பாலுக்கும், இரண்டுக்குமே தேர்ந்தெடுத்த ஒரே ஆள் அவர். சின்ன வயதில் அவர் அப்பா காப்பி டப்பாவையும் பிளாஸ்டிக் குழாயையும் வைத்து ஒரு பயிற்சிக் கருவி செய்து கொடுத்திருக்கிறார், குழாயின் மேல் பக்கம் பந்தைப் போட்டால் கீழே சட்டென்று விழும், விழுவதற்குள் அடிக்கவேண்டும். அவருடைய அந்தச் சின்ன, வேகமான, அலட்டல் இல்லாத மட்டை வீச்சு அங்கேயிருந்து வந்தது.

வருடா வருடம் புது வீரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும், 2001 ஜூனில் ட்வின்ஸ் அணிக்கு நாட்டிலேயே முதல் தேர்வு கிடைத்தது. அந்த வருடம் எல்லோர் வாயிலும் இருந்த பேர் மார்க் ப்ரையர், கல்லூரியில் ஆடிய பிட்சர், அடுத்த நாளே பெரிய லீகில் இறக்கலாம் என்கிற அளவுக்குத் தயாராக இருந்தவர். ட்வின்ஸ் அவரை விட்டுவிட்டு 18 வயது உள்ளூர்ப் பையனை எடுத்தது. கையில் காசில்லை, அதனால் மலிவாக முடித்துக்கொண்டார்கள் என்று பலர் திட்டினார்கள். திட்டியதில் நியாயமும் இருந்தது, ப்ரையர் வாங்கியது 10.5 மில்லியன் டாலர், மாவர் வாங்கியது 5.15 மில்லியன். ப்ரையரின் பெரிய லீக் வாழ்க்கை காயங்களால் 2006-லேயே முடிந்துபோனது. ஆனால் 2001-ல் அது யாருக்குத் தெரியும்?

அதே வருடம் நவம்பரில் நடந்ததைச் சொல்லாவிட்டால் அந்த ஊர் மாவரை ஏன் அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டது என்பது விளங்காது. லீகில் இரண்டு அணிகளைக் கலைத்துவிடலாம் என்று அணி முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள், அதில் அடிபட்ட பேர்களில் ட்வின்ஸும் ஒன்று. 1987-லும் 1991-லும் வேர்ல்டு சீரிஸ், அதாவது சாம்பியன் பட்டம், ஜெயித்த அணி! மைதானத்தோடு போட்ட குத்தகையை மதித்து 2002-ல் அங்கே ஆடியே தீரவேண்டும் என்று உள்ளூர் நீதிமன்றம் உத்தரவு போட்டதால்தான் அணிக்கு உயிர் தப்பியது, பிறகு அந்தக் கலைப்புத் திட்டமே கைவிடப்பட்டது. ஆக, ஊர்ப் பையனைத் தேர்ந்தெடுத்த ஐந்தே மாதத்தில் அந்த அணியே இருக்குமா இருக்காதா என்ற நிலைமை. அப்படிப் பிழைத்த அணியில், 2004 ஏப்ரல் 5 அன்று, பக்கத்து ஊரில் பள்ளி முடித்த பையன் கேட்சராக வந்து குந்தி உட்கார்ந்தால் அந்த ஊர்க்காரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே முட்டியைக் காயப்படுத்திக்கொண்டார், அந்த வருடம் மொத்தமே 35 ஆட்டம்தான், அது வேறு விஷயம்.

அப்புறம் வந்த வருடங்கள் பொற்காலம். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி .300 இருந்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள், அதாவது பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறை பந்தை அடித்து பேஸுக்கு ஓடிச் சேர்வது, அதுதான் ஹிட். மாவர் 2006-ல் .347 எடுத்து, இருக்கிற இரண்டு லீகில் ஒன்றான அமெரிக்கன் லீகில், அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டத்தை வென்றார். அந்த லீகில் ஒரு கேட்சர் அதை வென்றது அதுதான் முதல் தடவை. 2008-ல் .328, மறுபடி பட்டம். 2009-ல் முதுகு வலியால் ஏப்ரல் மாதம் முழுக்க ஆடவில்லை, மே 1 அன்று திரும்பி வந்து வீசிய முதல் வீச்சிலேயே ஹோம் ரன், நம்ம ஊர் சிக்சர் மாதிரி. அந்த வருடம் .365, 28 ஹோம் ரன், மூன்றாவது பட்டம். லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதுக்கு ஓட்டுப் போட்ட 28 பேரில் 27 பேர் அவரை முதலிடத்தில் வைத்தார்கள். பேட்டிங் பட்டத்தை மூன்று முறை வென்ற கேட்சர் இரண்டு லீகையும் சேர்த்துப் பார்த்தாலும் இவர் ஒருவர்தான். அவர் கிருதா மாதிரி ஒட்டுக் கிருதா வைத்துக்கொண்டு சின்னப் பையன்களும் பெண்களும்கூட மைதானத்துக்கு வருவார்கள்.

2010-ல் டார்கெட் ஃபீல்டு திறந்தது. ஊர் மக்கள் விற்பனை வரியில் ஒரு பங்கு கொடுத்துக் கட்டிய மைதானம். திறப்பதற்குச் சில வாரம் முன்னால் மாவர் எட்டு வருடத்துக்கு 184 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நியூயார்க், பாஸ்டன் மாதிரி பணக்கார அணிகளுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ஊரே கொண்டாடியது. வருடத்துக்கு 23 மில்லியன் என்ற அந்த எண்தான் பிறகு எட்டு வருடமும் அவர் கழுத்தில் தொங்கியது.

இனிமேல் சொல்வது அவ்வளவு சுகமான கதை இல்லை. விடைகொடுத்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. 2011-ல் அவருக்குக் கால்கள் பலமிழந்துவிட்டன என்று அணி அறிவித்தது, அந்த வருடம் 82 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 'இரண்டு காலிலும் பலவீனம்' என்று மருத்துவ மொழியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஊரே பேசியது. வானொலியில், அலுவலகத்தில், பாரில், எங்கே போனாலும் இதே பேச்சு. சோம்பேறி, பயந்தவன், காசு வந்ததும் உடம்பைப் பொத்திக்கொள்கிறான் என்றார்கள். அதே நேரம் அணியும் சரிந்துவிட்டது. சீசன் முடிந்து சாம்பியன் பட்டத்துக்காக நடக்கிற பிளே ஆஃப் ஆட்டங்களில் மாவர் ஆடியது மொத்தம் பத்து, 2006, 2009, 2010, 2017 என்று நான்கு வருடங்களில். பத்திலும் தோல்வி. அதற்கு அவர் மட்டும் காரணம் இல்லை, ஆனாலும் பெரிய சம்பளக்காரன் மேல்தானே எல்லாம் வந்து விழும்.

2013 ஆகஸ்ட் 19, மெட்ஸ் அணியோடு ஆட்டம். உரசிய பந்து ஒன்று முகக்கவசத்தில் மோதியது. மூளை அதிர்ச்சி. அன்றைக்கு அவர் சராசரி .324, கேட்சர்களில் இன்னும் முதல் வரிசையில் இருந்தவர், வயது 30. அந்த வருடம் மறுபடி ஆடவே இல்லை. வருட இறுதியில் மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு, இனி கேட்சராக ஆடுவதில்லை, ஓடுகிறவர் முதலில் தொடவேண்டிய இடமான முதல் பேஸில் நிற்கப்போகிறார் என்று அறிவித்தார்கள். விடைபெறும் ஆட்டம் என்று எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை ஆட்டத்தில் தலையில் அடிபட்டு எழுந்து போனவர் அந்தக் கவசத்தை மறுபடி மாட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் பேஸ் வேறு உலகம். அங்கே நிற்கிறவர்கள் பனைமரம் மாதிரி ஆட்கள், வருடத்துக்கு 30 ஹோம் ரன் அடிப்பார்கள். கேட்சர் .277 எடுத்தால் பாராட்டுவார்கள், முதல் பேஸ்காரர் ஹோம் ரன் இல்லாமல் .277 எடுத்தால் முகம் சுளிப்பார்கள். மாவர் 2014-ல் .277, அடுத்த வருடம் .265, அதற்கடுத்து .261. முணுமுணுப்பு இன்னும் கூடியது. நானும் அப்போது முணுமுணுத்தவன்தான், அதை மறைக்க விரும்பவில்லை. 2016 சீசன் தொடங்கும் முன்புதான் அவர் வாய் திறந்து சொன்னார், தலையில் அடிபட்ட பிறகு சில சமயம் பந்து மங்கலாகத் தெரிந்தது என்று. பகல் ஆட்டங்களில் மட்டை பிடிக்கும்போது கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து, கண்ணுக்கு மங்கல், அதை இரண்டு வருடம் வெளியே சொல்லாமல் ஆடியிருக்கிறார். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

2018 மே மாதத்தில் முதல் பேஸ் பக்கம் ஒரு பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்தார், பழைய அறிகுறிகள் திரும்ப வந்தன, பல வாரம் ஆடவில்லை. ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. வயது 35. வீட்டில் இரட்டைப் பெண் குழந்தைகள், மூன்றாவது குழந்தை வரப்போகிறது. ஓய்வு என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இது முக்கியம், கவனியுங்கள். வழக்கமான விடைபெறும் சீசனில் பெரிய வீரர் வருட ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுவார், போகிற ஊரெல்லாம் எதிரணிகள் ஏதாவது பரிசு தருவார்கள். 2013-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா மினியாபொலிஸ் வந்தபோது, அவர் பந்தில் மட்டையை உடைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் என்பதால், ட்வின்ஸ் அணி உடைந்த மட்டைகளாலேயே ஒரு ஆடும் நாற்காலி செய்து கொடுத்தது. நான் பார்த்த பிரிவுப் பரிசுகளில் மிக அழகானது அது, செய்தவர்கள் ஆட்டத்தை எவ்வளவு நேசித்திருந்தால் அப்படித் தோன்றும்! ஆனால் அது விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. சொந்த ஊர்க்காரன் போகிறானா இல்லையா என்றே தெரியாத நிலையில் என்ன கொடுப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்கி மாவர் முதல் பேஸுக்குப் போனபோது அவருடைய இரட்டைப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை மட்டை பிடிக்க வந்தபோதும் கூட்டம் எழுந்து நின்றது. ஏழாவது இன்னிங்ஸில், கடைசி முறையாக மட்டை பிடித்தபோது, ஒரு டபுள் அடித்து இரண்டாவது பேஸ் வரைக்கும் ஓடினார். அவருடைய 428-வது டபுள், 2,123-வது ஹிட். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கதையாக எழுதுகிறவன் அங்கேயே முடித்திருப்பான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், வழக்கமாக அதுதான் கடைசி. வைட் சாக்ஸ் மட்டை வீசவேண்டும். ட்வின்ஸ் அணி களத்துக்கு வருகிறது, முதல் பேஸில் மாவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வீரர்கள் உட்காரும் இடத்திலிருந்து ஒரு கேட்சர் ஏறி வருகிறார். மார்புக் கவசம், கால் கவசம், கையில் முகக்கவசம். முதுகில் எண் 7. ஐந்து வருடம், ஒரு மாதம், பதினோரு நாள் கழித்து.

அப்போது எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. மாவர் உணர்ச்சியை வெளியே காட்டாத ஆள், பேட்டி கொடுத்தால் தூக்கம் வரும் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். எதிரணியும் கை தட்டியது. அப்புறம் கவசத்தை மாட்டிக்கொண்டு குந்தினார். பிட்சர் மேட் பெலைல், மட்டையில் யோவான் மொன்காடா. ஒரு பந்து. பிடித்தார். எழுந்தார். மாற்று கேட்சர் கிறிஸ் கிமினெஸ் வந்துவிட்டார்.

பேஸ்பால் விதி ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். ஒருவரை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்துக்குள் அவர் திரும்பி வரமுடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் கிடையாது. அதனால் மாவர் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நடந்தது உண்மையாகவே முடிவு. ஏன் ஒரு பந்தோடு நிறுத்தினார்கள் என்பதற்கும் பதில் மேலேயே இருக்கிறது, இரண்டாவது பந்து உரசி முகத்தில் மோதியிருந்தால்? அந்தத் தலைக்கு இன்னொரு அடி கூடாது. ஒரு பந்துதான் கொடுக்க முடிந்தது, அதைக் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம், அவரை வெளியே அழைத்த மேலாளர் யார் என்பது. பால் மாலிட்டர். அவரும் செயின்ட் பால் ஊர்க்காரர், அவர் படித்ததும் கிரெட்டின் பள்ளியில்தான், டெர்ஹாம் ஹாலோடு இணைவதற்கு முந்தைய காலத்தில். அந்தப் பையன் குந்தி உட்கார்ந்த இடம் எங்கே தொடங்கியது என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து மாலிட்டரையே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆட்டத்தை ட்வின்ஸ் 5-4 என்று ஜெயித்தது, அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

விளம்பரம் என்று நீங்கள் கேட்டதற்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். விளம்பரம் என்றால் டிக்கெட் விற்க முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். யாருக்கும் சொல்லாமல், சீசனின் கடைசி நாளில், ஒன்றுக்கும் உதவாத ஒன்பதாவது இன்னிங்ஸில் செய்தார்கள். அப்புறம் அந்தக் கூட்டம். அவரைச் சோம்பேறி என்று சொன்ன ஊர்தான் அங்கே நின்றது. வேற்று ஊர் வீரனைப் பிடிக்கவில்லை என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், உள்ளூர்க்காரனை அப்படி விட முடியாது, கடைக்குப் போனால் எதிரே வருவான். எட்டு வருடம் சொன்னதையெல்லாம் எப்படித் திரும்ப வாங்குவது? அவர் கவசத்தோடு ஏறி வந்த அந்த நொடியில், அந்தத் தொழில் அவரிடமிருந்து எதைப் பிடுங்கியது என்பது முப்பதாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கண்ணில் பட்டது. பலர் அழுதது அதற்காக என்றுதான் நான் நினைக்கிறேன். நான் அதற்காகத்தான் அழுதேன்.

ஒருவரை அவருடைய பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது பேஸ்பாலில் இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. கால் ரிப்கன் மேரிலாந்தின் ஏபர்டீன் ஊர்க்காரர், பக்கத்து நகரமான பால்டிமோர் அணிக்கே வாழ்நாள் முழுக்க ஆடியவர். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே இருக்கிற ஷார்ட் ஸ்டாப் என்ற இடத்தில் பேர் வாங்கியவர், பிற்காலத்தில் மூன்றாவது பேஸுக்கு மாறியிருந்தார். 2001-ல் அவருடைய கடைசி ஆல் ஸ்டார் ஆட்டம், அதாவது எல்லா அணிகளின் சிறந்த வீரர்களும் ஆடுகிற ஆட்டம், சியாட்டிலில். ஷார்ட் ஸ்டாப்பில் ஆடவேண்டிய அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ரிப்கனைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தான் மூன்றாவது பேஸுக்குப் போய் நின்றுகொண்டார். ரிப்கன் அன்றைக்கு ஹோம் ரன்னும் அடித்தார். ஆனால் அதே ரிப்கனின் உண்மையான கடைசி ஆட்டம், 2001 அக்டோபர் 6, பால்டிமோரில், எப்படி முடிந்தது தெரியுமா? அடுத்து மட்டை பிடிக்க அவர் காத்து நிற்கிறார், முன்னால் ஆடியவர் அவுட், ஆட்டம் முடிந்துவிட்டது. ஊரே அந்தக் கடைசி வாய்ப்புக்காகக் காத்திருந்தது, கிடைக்கவில்லை. ஆட்டம் யாருக்காகவும் வளைந்து கொடுக்காது, அதனாலேயே மனிதர்கள் எங்கேயாவது கொஞ்சம் வளைத்துக் கொடுக்கும்போது அதற்கு அவ்வளவு மதிப்பு.

பெரிய வீரர் போட்ட சட்டை எண்ணுக்கு ஓய்வு கொடுக்கிற வழக்கமும் ஒரு சொந்த ஊர்க்காரரிடம்தான் தொடங்கியது. நியூயார்க்கில் பிறந்து நியூயார்க் யாங்கீஸுக்கே ஆடிய லூ கெரிக், உடலை முடக்கும் நரம்பு நோய் வந்து ஆட்டத்தை விட்டபோது, 1939 ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் அவருக்கு விழா எடுத்தார்கள். அவருடைய 4-ஆம் எண் சட்டையை இனி யாரும் போடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். பெரிய லீகில் அப்படி ஓய்வு பெற்ற முதல் எண் அது. இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார்.

மாவர் 2018 நவம்பரில் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி ஓய்வை அறிவித்தார். தலையில் பட்ட அடியும் குடும்பமும்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த மாதம் அணி அவருடைய 7-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கப்போவதாகச் சொன்னது. எங்கே வைத்துச் சொன்னார்கள்? அவர் படித்த பள்ளியில், மாணவர்கள் முன்னால். மைதானத்தில் விழா 2019 ஜூன் 15 அன்று நடந்தது. அதற்கு முன் ட்வின்ஸ் அணியில் ஓய்வு பெற்றிருந்த எண்களைப் பாருங்கள், கில்லப்ரூ ஐடஹோக்காரர், ஒலிவா க்யூபா, கேரூ பிறந்தது பனாமாவில், பிளைலெவன் நெதர்லாந்தில், பக்கெட் சிகாகோ. மினசோட்டாவிலேயே வளர்ந்தவர் என்று பார்த்தால் கென்ட் ஹர்பெக் ஒருவர்தான், அவரும் ஊரை விட்டுப் போகாதவர். அவர் பக்கத்தில் இப்போது மாவர்.

2024 ஜனவரியில் பேஸ்பாலின் மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதல் முயற்சியிலேயே தேர்வானார். 385 ஓட்டில் 293. தேவையானது 289, நான்கே நான்கு ஓட்டு அதிகம். முதல் முயற்சியிலேயே உள்ளே போன கேட்சர்கள் அதற்கு முன் ஜானி பெஞ்ச், இவான் ரோட்ரிகஸ் இருவர்தான். செயின்ட் பால் என்ற அந்த ஒரு ஊரிலிருந்து டேவ் வின்ஃபீல்டு, மாலிட்டர், ஜாக் மோரிஸ் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், இவர் நான்காவது. மற்ற மூவரும் வெளியூர் அணிகளில் பேர் வாங்கிவிட்டுப் பிற்காலத்தில் ட்வின்ஸுக்கு வந்து ஆடினார்கள். மாவர் 15 சீசன், 1,858 ஆட்டம், எல்லாமே ஒரே சட்டையில்.

அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் காணொளி இணையத்தில் இருக்கிறது, சில நிமிடங்கள்தான். பார்த்தால் மாவரை மட்டும் பார்க்காதீர்கள், மட்டை பிடித்து நிற்கிற மொன்காடாவையும் பாருங்கள். அவருக்கு அப்போது 23 வயது, க்யூபாவிலிருந்து வந்தவர், எதிரணி ஆள், அவர் அணி தோற்றுக்கொண்டிருக்கிறது. நினைத்திருந்தால் அடித்திருக்கலாம். பந்து வருகிறது, மட்டை தோளிலிருந்து இறங்கவில்லை, பந்து அவரைத் தாண்டி மாவரின் கையுறைக்குள் போகிறது.